சுவருக்கு வெளியே முப்பத்தேழு பேர்

தேவகோட்டை உடையப்பன் செத்தவர்களின் கண்ணைத் திறக்கிறவர். மந்திரவாதி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறவரை அவனைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. மூச்சு நின்ற பிறகுதான் ஸ்டூடியோக்காரரைத் தேடி ஓடுவார்கள். அவர் வந்து, பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து ஒரு படம் எடுப்பார். அதில் மூக்குப் பஞ்சை எடுத்து, தாடைக் கட்டை அழித்து, மூடிய இமைகளின் மேல் இரண்டு கண்களை எழுதி, பதினாறாம் நாள் காரியத்துக்குள் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். உடையப்பன் பதினெட்டு வருஷம் அதைச் செய்தார். அவர் எழுதிய கண்களைப் பார்த்து, "அப்பச்சி நம்மளயே பாக்குறாக" என்று பெண்கள் புதிதாக ஒரு பாட்டம் அழுவார்களாம்.

அவர் 1975 மார்ச்சில் வளைகுடாத் துறைமுக ஊரான தம்மாமுக்கு வந்தார். நான் அவருக்கு ஒரு வருஷம் முன்னால் வந்து மாட்டியவன். பெயர் சேதுராமன், ஊர் திருச்சி, வேலை டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் கஃபீல் ஒருவரே. கஃபீல் என்றால் விசா கொடுத்து வரவழைத்து, வந்த மறுநாளே பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு பீரோவில் பூட்டிவிடுகிற முதலாளி. எங்கள் கஃபீலை அபு ஃபஹத் என்று கூப்பிடுவோம். அவருக்குத் துறைமுகத்தில் கட்டட கான்ட்ராக்ட், ஊருக்குள் இரண்டு மளிகைக்கடை, ஒரு போட்டோ ஸ்டூடியோ. பீரோ சாவி என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. கிடந்து என்ன பிரயோஜனம்? பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினாலும், அபு ஃபஹத் கையெழுத்துப் போட்ட எக்ஸிட் தாள் இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. என்னுடைய பாஸ்போர்ட்டும் அதே பீரோவில்தான் தூங்கியது.

ஸ்டூடியோவில் உடையப்பனுக்கு வந்த வேலையெல்லாம் இக்காமா என்கிற குடியிருப்பு அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்குமான சின்னப் படங்கள். சைட்டிலிருந்து வேலையாட்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரே கோட்டு, ஒரே டை. ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

"இங்க எல்லாருக்கும் கண்ணு தொறந்துதேன் இருக்கு சார்" என்பார் உடையப்பன். "ஆனா நம்ம ஊருப் பொணத்துக்கு நான் எழுதுற கண்ணுல இதவிட உசுரு இருக்கும்."

1976 மே கடைசியில் அவருடைய அப்பா இறந்துபோனார். தந்தி ஆறு நாள் கழித்து வந்தது. உடையப்பன் ஒரே மகன். கொள்ளியைப் பங்காளி மகன் ஒருவன் வைத்திருந்தான். லீவு கேட்க அவரோடு நானும் போனேன். இரண்டு வருஷக் கான்ட்ராக்ட், இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, முடியட்டும், மாஃபி முஷ்கில் என்றார் அபு ஃபஹத். ஒரு பிரச்னையும் இல்லையாம். அவருக்கு இல்லைதான்.

உடையப்பன் கத்தவில்லை, அழவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கொள்ளிதேன் எவனோ வச்சுட்டான். தலைத்திவசத்துக்காச்சும் நான் போயி நிக்கணும் சார். அதுக்கும் போகலைன்னா அவுகளுக்கு நான் மகனே இல்ல."

அதற்குப் பிறகு அவருக்கு வேறு பேச்சே கிடையாது. முதல் வருஷத் திதியை இங்கேயே கொடுத்துவிடலாமே என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். எங்கே கொடுப்பது? குளம் உண்டா, ஐயர் உண்டா? நம் சாமியைக் கும்பிடுவதே அங்கே குற்றம். அறையில் ஒரு கட்டி சூடம் கொளுத்தவே ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து, புகையைத் துண்டால் விரட்ட வேண்டியிருந்தது. அவருடைய சித்தப்பா பஞ்சாங்கம் பார்த்துத் தேதியை எழுதி அனுப்பினார். வைகாசித் தேய்பிறை தசமி, 1977 ஜூன் பதினொன்று, சனிக்கிழமை.

மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிந்தது. எக்ஸிட் தாளை நானே தயார் செய்து மேஜையில் வைத்தேன். அபு ஃபஹத் அதைப் பார்த்து "புக்ரா" என்றார். நாளை என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். மார்ச் முழுவதும் நாளை. ஏப்ரல் முழுவதும் நாளை. காரணம் எனக்குத் தெரியும். உடையப்பனைப் போல டச்சிங் செய்ய அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. ஆள் மோசமாக இருந்தால் துரத்திவிடுவார்கள், நன்றாக இருந்தால் கட்டிப்போடுவார்கள்.

மே மாதம் முதல் வாரம் பெல்லாமி என்ற வெள்ளைக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். துறைமுக வேலையை மேற்பார்க்கும் கன்சல்டன்ட் கம்பெனியில் பெரிய இன்ஜினியர். அவர் கையெழுத்து இல்லாமல் அபு ஃபஹத்தின் பில் ஒன்றுகூடப் பாஸ் ஆகாது. அவருடைய கார் சத்தம் கேட்டாலே அபு ஃபஹத் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மொழிபெயர்க்க என்னையும் ஆபீஸிலிருந்து இழுத்துப்போனார்கள்.

பெல்லாமி ஒரு உறையைப் பிரித்து, அட்டையில் ஒட்டிய பழைய படம் ஒன்றை எடுத்தார். காவியேறிப் பழுத்த தாள், மேலெல்லாம் பூசணப் புள்ளிகள், ஒரு மூலை ஒடிந்திருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ராணுவத்தில் இருந்தவராம். சீனாவுக்குப் போருக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் செத்துப் புதைக்கப்பட்டாராம். அந்த ராணுவக் கல்லறையைக் கூட இருந்த ஒருவர் எடுத்த படம். சீனாவில் போட்டோ என்பதையே மக்கள் பார்த்திராத காலம். படத்தில் ஒரு தாழ்ந்த கல் சுவர், சுவருக்குள்ளே வெள்ளை வெள்ளையாகக் கல்லறைக் கற்கள், நடுவில் ஒரு தூண், பின்னால் மொட்டைக் குன்று. சுவருக்கு இந்தப் பக்கம் வெறும் தரை. இதைப் பெரிதாக்கி, சுத்தம் செய்து, லண்டனில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

ரசீது போட நான் படத்தைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் நாலைந்து வரி, மங்கல் எழுத்து. மேல் வரியில் 'வட சீனா, 1861' என்று இருந்தது. அதை எழுதிக்கொண்டேன். மீதியைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டும், எனக்கோ அப்போது சாப்பாட்டு நேரம். படத்தை உடையப்பனிடம் நீட்டிவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படிக்கத் தெரிந்தவன் நான், நான் படிக்கவில்லை. இதை எங்கே எழுதினாலும் இந்த இடத்தில் எனக்குக் கை கூசுகிறது.

பெல்லாமி போனதும் அபு ஃபஹத் நெஞ்சில் கையை வைத்து உடையப்பனிடம் சொன்னார். "அச்சா காம் கரோ. சாஹிப் குஷி, மை சைன் கரேகா. வல்லாஹி." வேலை நன்றாக அமைந்து வெள்ளைக்காரர் மகிழ்ந்தால் கையெழுத்து, கடவுள் மேல் ஆணை.

உடையப்பன் அந்த ஆணையை நம்பினார். நானும் நம்பினேன். பத்து நாள் ராப்பகல் அதுவே வேலை. படத்தைப் படம் எடுத்து, பெரிய நெகட்டிவில் ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பி, அதைப் பெரிதாக்கி, அதன்மேல் மெல்லிய பிரஷ்ஷால் பூசணத் தடங்களைத் துடைத்து, மறுபடி படம் எடுத்தார். கூத்துக் கட்டுகிறவன் முகத்தை அழித்து எழுதுவதுபோல அழித்து அழித்து எழுதினார். முடித்து வைத்தபோது நூறு வருஷத்துப் படம் நேற்றுக் காலை எடுத்ததுபோல இருந்தது. கற்களின் மேல் பெயர்களைப் படிக்கலாம் போலிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கத் தரை பளிச்சென்று பெருக்கிவிட்ட வாசலாகக் கிடந்தது.

பெல்லாமி படத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உடையப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? குடும்ப ஆல்பம் முழுவதையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நாற்பத்தாறு படம். எல்லாவற்றையும் இதே ஆள்தான் செய்ய வேண்டும், அவசரமே இல்லை, வருஷக் கடைசிக்குள் முடித்தால் போதும் என்றார்.

அபு ஃபஹத் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் எக்ஸிட் தாளை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி மடித்துத் தன் டிராயருக்குள் போட்டார். "ஆல்பம் கலாஸ், பாத் மே எக்ஸிட்" என்றார். ஆல்பம் முடிந்த பிறகு.

உடையப்பன் என்னைப் பார்த்தார். "நல்லாப் பண்ணிட்டேன் போலருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். கடவுள் மேல் வைத்த ஆணை என்னாயிற்று என்று அபு ஃபஹத்தைக் கேட்டிருக்க வேண்டும். பேச முடியுமா? என் எக்ஸிட்டும் அந்த டிராயர்க்காரர் கையில்தானே.

ஆல்பத்துக்குப் பட்டியல் டைப் அடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு வந்தேன். முதல் எண் அந்தக் கல்லறைப் படம். இந்தத் தடவை விளக்கடியில் வைத்து முழுவதும் படித்தேன். 'சுவருக்குள்ளே ரெஜிமெண்டின் அதிகாரிகளும் சிப்பாய்களும். சுவருக்கு வெளியே, முன்பக்கம், மதராஸ் ஆட்கள். டோலி தூக்கிகள், சுமைக்காரர்கள். காய்ச்சல். முப்பத்தேழு பேர்.'

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத் தரையில் பூசணம் என்று நாங்கள் நினைத்திருந்த கறைகள் மூன்று வரிசையாக இருந்தன. பூசணம் வரிசையாகப் பூக்குமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உடையப்பனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு படத்தின் மேல் கவிழ்ந்தார். வெகுநேரம் எழவில்லை.

"மண்ணு மேடு சார்" என்றார். "அம்புட்டும் மண்ணு மேடு. உள்ள இருக்குற கல்லெல்லாம் ஒருவாக்குல போகுது, இதுக அதுக்குக் குறுக்க கெடக்கு. அதைப் பாத்துத்தேன் கறைன்னு நெனச்சேன். அவுக கெழக்க மேக்கப் பொதைப்பாக, நம்மாளுக தெற்க தலை வச்சுப் பொதைச்சிருக்காக. பொதைச்சவகளும் நம்மாளுகளாத்தேன் இருக்கணும்."

"எத்தனை தெரியறது?"

"முப்பத்துநாலு. மிச்சம் மூணு படத்துக்குள்ள விழுகல."

லென்ஸை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "பதினெட்டு வருஷமா மூக்குப் பஞ்ச எடுத்து, தாடைக்கட்ட அழிச்சு, சாவு தெரியாம தொடச்சுத் தொடச்சுக் கை பழகிப்போச்சு சார். அந்தக் கைதேன் இதையும் தொடச்சிருச்சு. கூலிக்குப் போயி, ஊருக்குத் திரும்பாம, கல்லுகூட இல்லாமக் கெடந்தவக. இருந்த ஒரு அடையாளத்தயும் நான் அழிச்சுட்டேனே."

விட்டுவிடுங்கள் என்றேன். வெள்ளைக்காரருக்குத் தெரியாது, அபு ஃபஹத்துக்குத் தெரியாது, நாம் வாயைத் திறந்தால் அவர் டிராயரைத் திறக்கவே மாட்டார், ஜூன் பதினொன்றுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, கெஞ்சியாவது பார்ப்போம் என்றேன். புத்திசாலித்தனமாகத்தான் பேசினேன். எனக்கு அது ஒன்றுதான் வரும்.

"எங்க அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கப் போறவன் முப்பத்தேழு பேரை மறைச்சுட்டா போறது?" என்றார் உடையப்பன்.

இரண்டு நாளில் வேறு படம் தயாரானது. அதே சுவர், அதே கற்கள், சுவருக்கு வெளியே மூன்று வரிசை மண்மேடுகள், நிழலோடு. வியாழக்கிழமை காலை துறைமுக ஆபீஸில் பில் கையெழுத்துக்காக அபு ஃபஹத்தும் நானும் பெல்லாமியின் எதிரே உட்கார்ந்திருந்தோம். உடையப்பன் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, நடந்தே வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை. படத்தை மேஜைமேல் வைத்தார்.

"சார், முதல்ல குடுத்தது தப்புப் படம்னு சொல்லுங்க. கல்லறையெல்லாம் நான் அழிச்சுட்டேன். இதுதேன் சரி. அதைத் திருப்பித் தரச் சொல்லுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன். பெல்லாமி புதுப் படத்தையும் அதன் முன்பக்க மேடுகளையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே, இவ்வளவு நேர்மை வேண்டியதில்லை, அம்மாவுக்கு முதல் படமே போதும், அதுதான் சுத்தமாக இருக்கிறது, இதையும் வேண்டுமானால் வைத்துக்கொள்கிறேன் என்றார். அந்த மேடுகள் யாருடையவை என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், பின்னால் எழுதியிருப்பதைப் படித்திருப்பாரே.

அபு ஃபஹத் என் பக்கம் திரும்பினார். "ஏஷ்? க்யா போல்தா?" என்ன சொல்கிறான் இவன்?

நன்றி சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக அப்படித்தான் மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு வாயில் சனி உட்கார்ந்தான். முதலில் கொடுத்த வேலை தப்பு, சாஹிபிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று அப்படியே சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே சொன்னேனா, தவறிச் சொன்னேனா? என் மனைவி பத்மா பல தடவை கேட்டிருக்கிறாள். எனக்கே தெரியவில்லை.

அபு ஃபஹத்தின் முகம் இருண்டது. தன் பில்லில் கையெழுத்துப் போடும் மனிதர் முன்னால், தன் கடையில் செய்த வேலை தப்பு என்று தன் ஆளே வந்து சொல்வதா? இன்றைக்கு இது தப்பு என்பான், நாளைக்குத் துறைமுகத்தில் போட்ட கான்கிரீட் தப்பு என்று இன்னொருவன் வந்து நிற்பான். வெளியே வந்ததும் வராண்டாவிலேயே வெடித்தார். "கலாஸ்! ரூஹ்! ஹிந்துஸ்தான் ஜாவ்!" முடிந்தது, போ, உன் நாட்டுக்கே போ. சனிக்கிழமை காலை டிராயரைத் திறந்து, மடித்து வைத்த தாளைப் பிரித்துக் கையெழுத்துப் போட்டு என் முகத்தில் எறிந்தார். திரும்பி வர முடியாத எக்ஸிட். இனி திரும்பி வரமாட்டேன் என்று உடையப்பனிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் ஒரு பிசகு இல்லாமல் உழைத்தபோது கிடைக்காத கையெழுத்து, செய்த பிசகை ஒப்புக்கொண்டபோது கிடைத்தது. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். உடையப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அருகில் கிடந்த என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பீரோக் கதவை அவரே மெல்லச் சாத்தினார்.

ஜூன் நாலாம் தேதி பக்கத்துத் தஹ்ரான் விமான நிலையத்திலிருந்து பம்பாய்க்கு விமானம் ஏறினார். ஜூலையில் கடிதம் வந்தது. பேசுகிறமாதிரியே எழுதியிருந்தார்.

'சார், எட்டாம் தேதி வீடு வந்துட்டேன். தேவிபட்டினத்துல கடல்ல எறங்கி அப்பாவுக்குத் திதி குடுத்தேன். கடைசியா ஐயரு, வேற யாருக்காச்சும் குடுக்கணுமான்னு கேட்டாரு. முப்பத்தேழு பேருக்குன்னேன். பேரு கேட்டாரு, தெரியாதுன்னேன். கோத்திரமும் தெரியாது, ஊரு மெட்ராஸ் பக்கம், செத்தது சீனாவுலன்னேன். சித்தப்பா எல்லாம் என்னய ஒரு மாதிரியாப் பாத்தாக. பேரு இல்லாதவகளுக்கு மொத்தமா ஒரே மந்திரம் இருக்குப்பா, ஒரு கை தண்ணி போதும்னாரு ஐயரு. போதாது சாமின்னேன். முப்பத்தேழு தடவ எறைச்சேன். எண்ணிக்கிட்டே எறைச்சேன். நீங்க எப்ப வர்றீக?'

ஆபீஸில் உட்கார்ந்துதான் படித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது அழுதுவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு எக்ஸிட் தாள் தயார் செய்த கை இது. எனக்கு ஒன்று தயார் செய்து நீட்டத் தைரியம் வரவில்லை. நீட்டினாலும் புக்ராதான். பிழையே விடாத டைப்பிஸ்டை யார் விடுவார்கள்?

மறுநாள் பெல்லாமி கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பில்லில் வேண்டுமென்றே தப்புச் செய்தேன். தேதி தப்பு, தொகையில் ஒரு சைபர் தப்பு, அபு ஃபஹத்தின் பெயரிலேயே ஓர் எழுத்துத் தப்பு. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அபு ஃபஹத்தின் 'ரூஹ்' என்ற கத்தலுக்காக நான் நாலு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் அந்தத் தாள் திரும்பி வந்தது. மூன்று தப்பையும் பெல்லாமி பென்சிலால் சுழித்து, ஓரத்தில் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். உடம்பு சரியில்லையா, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதலாளியிடம் நான் இதைச் சொல்லமாட்டேன்.

மெஷினில் புதுத் தாளைச் சொருகி, பில்லைத் திரும்ப டைப் அடித்தேன்.